பின்னிருக்கை பெல்ட்

மஞ்சள் குமிழை இழுத்தேன், சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் இழுத்தேன், கயிறு கழன்ற சத்தம் இருக்கைக்கு அடியில் டொக்கென்று கேட்டது, அவ்வளவுதான், இனிமேல் இந்த கிளைடருக்கும் கீழே கிடக்கிற பூமிக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. எஞ்சின் என்று இதில் ஒன்று கிடையாது. ஓடுதளத்தின் அந்தக் கோடியில் ஒரு பழைய லாரி எஞ்சினை வைத்துக் கயிற்றைச் சுருட்டிச் சுருட்டி என்னைப் பட்டம் மாதிரி மேலே ஏற்றிவிட்டார்கள், இனிமேல் இறங்குவது மட்டும்தான் பாக்கி, அதை நான்தான் செய்தாக வேண்டும். கயிறு போனதும் வருகிற அமைதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். கண்ணாடி மூடியைக் காற்று உரசுவதைத் தவிர வேறு சத்தம் இருக்காது, அந்த நேரம் பார்த்துப் பின்னிருக்கையில் கௌசிக் சார் தொண்டையைச் செருமிவிட்டு அடுத்து என்ன, அதற்கடுத்து என்ன என்று ஆரம்பிப்பார், அவர் சொல்லச் சொல்ல நான் செய்வேன். இன்றைக்குச் செருமல் இல்லை. கௌசிக் சார் கீழே நிற்கிறார். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர், ஆனால் என்னைவிடப் பத்து வயது சின்னவர், சென்னைக்காரர், காலையில் இரண்டு ரவுண்டு என்னோடு வந்துவிட்டு மூன்றாவதற்குக் கயிறு மாட்டப்போகிற நேரத்தில் மூடியைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டார். “சிஸ்டர், இந்த ரவுண்டு நீங்க மட்டும் போயிட்டு வந்துடுங்க” என்றார், முக்குக் கடையில் போய்க் கொத்தமல்லி வாங்கிவரச் சொல்கிற மாதிரி. முதல்முறை தனியாகப் பறக்கப்போகிறவரிடம் முன்கூட்டிச் சொல்லக்கூடாது என்பது கிளப் வழக்கம், சொன்னால் ராத்திரியெல்லாம் புரண்டுகொண்டிருந்துவிட்டுக் காலையில் சிவந்த கண்ணோடு வருவார்களாம். நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ், தூங்காமல் நின்று பழகினவள், என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பின்னிருக்கை பெல்ட்டைப் பற்றி அப்போதே யோசித்திருப்பேன், இப்படி எண்ணூறு அடிக்கு மேலே வந்த பிறகு யோசித்துக்கொண்டிருக்க மாட்டேன்.

அந்த பெல்ட்டை யார் கட்டினார்கள்? கட்டினார்களா? ஆள் உட்காராத இருக்கையின் பெல்ட்டைச் சும்மா விடக்கூடாது, இது முதல் நாளே சொல்லித்தருகிற பாடம். என் முன்னால் கிளைடரை ஏற்றவும் இறக்கவும் திருப்பவும் ஒரு ஸ்டிக் இருக்கிறது, பின்னிருக்கைக்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது, இரண்டும் அடியில் பிணைத்தவை, நான் இதை அசைத்தால் அது ஆளில்லாமலே அசையும். அவிழ்ந்து கிடக்கிற பெல்ட் அதில் போய்ச் சுற்றிக்கொண்டால் என் ஸ்டிக்கும் நகராது, நகராவிட்டால் மூக்கைத் தூக்க முடியாது, தரைக்குப் பக்கத்தில் வரும்போது மூக்கைத் தூக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டால் யாரும் விளக்கிச் சொல்ல மாட்டார்கள், பேச்சை மாற்றிவிடுவார்கள். புறப்படுவதற்கு முன்னால் ஒவ்வொன்றாகத் தொட்டு வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஸ்டிக் சரி, பிரேக் சரி என்று வந்து பெல்ட்டில் நான் “முன்னால சரி” என்பேன், கௌசிக் சார் “பின்னால சரி” என்பார். இன்றைக்கும் நான் “முன்னால சரி” என்றேன், பழக்கதோஷத்தில் பதிலுக்குக் காத்திருந்தேன், பதில் வரவில்லை, நானே “பின்னால சரி” என்றும் சொல்லிவிட்டு மூடியைப் பூட்டினேன். எந்தக் கண்ணால் பார்த்துச் சொன்னேன்? தியேட்டரில் வயிற்றைத் தைக்கிறதுக்கு முன்னால் பஞ்சுத்துணியை எண்ணிக் கணக்கு ஒத்துவந்தால்தான் டாக்டர் கையில் ஊசியைக் கொடுப்பேன், எவ்வளவு பெரிய டாக்டர் முறைத்தாலும் கொடுக்க மாட்டேன், ஹெப்சிபா சிஸ்டர் இருந்தால் நிம்மதி என்று பெயரெடுத்தவள் நான், அந்த ஹெப்சிபா பார்க்காமலே சரி என்று சொல்லியிருக்கிறாள். திரும்பிப் பார்க்கலாம் என்றால் என் பெல்ட் என்னை இருக்கையோடு சேர்த்து அமுக்கி வைத்திருக்கிறது, கழுத்தை எவ்வளவு திருகினாலும் இறக்கையின் நுனிதான் தெரிகிறது. கண்ணாடியில் ஒட்டியிருக்கிற சிவப்பு நூல் காற்றில் நேராகப் பின்னோக்கிப் படுத்திருக்க வேண்டும், அது வலது பக்கம் சாய்கிறது, கால் பெடலை மிதித்து நேராக்குகிறேன், மறுபடி சாய்கிறது. இப்போது கவனிக்கிறேன், ஸ்டிக் என் கையை முன்பக்கமாக இழுக்கிறது. கொஞ்சம்தான், ஆனால் விடாமல் இழுக்கிறது. நான் பின்னால் இழுத்துப் பிடிக்கிறேன், அது முன்னால் போகப் பார்க்கிறது. கௌசிக் சார் இருந்தபோது இப்படி இழுத்த ஞாபகம் இல்லை. அப்படியானால் இழுப்பது யார்?

பின்னிருக்கை பெல்ட்டைக் கட்டுவது எங்கள் கிளப்பில் இறக்கை பிடிக்கிறவர் வேலை. கிளைடருக்கு நடுவில் ஒரே சக்கரம், நிற்கும்போது ஒரு பக்கம் சாய்ந்துதான் கிடக்கும், பைலட் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் தயார் என்று அர்த்தம், உடனே ஒருவர் இறக்கையின் நுனியைத் தூக்கிச் சமமாகப் பிடிப்பார், அதைப் பார்த்துக் கொடி அசைப்பார்கள், கொடியைப் பார்த்து அந்தக் கோடியில் கயிற்றைச் சுருட்டுவார்கள். இன்றைக்கு எனக்கு இறக்கை பிடித்தவர் அற்புதராஜ். அற்புதராஜ் என் வீட்டுக்காரர். இங்கேதான் எனக்கு இடிக்கிறது. நல்ல மனுஷன், சபையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஆனால் எதையும் மூடத் தெரியாதவர். பேஸ்ட்டை மூட மாட்டார், பீரோவை மூட மாட்டார், கேஸை அணைத்துவிட்டேன் என்பார், போய்ப் பார்த்தால் அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். இன்றைக்குக் காலையில்கூட மோட்டாரை நிறுத்தியாச்சா என்று கேட்டேன். “அதெல்லாம் நிப்பாட்டியாச்சு” என்றார். காரில் ஏறப்போகும்போது பார்த்தால் மாடித் தொட்டி நிரம்பி வழிந்து, பக்கத்து வீட்டு அமலியக்கா காயப்போட்டிருந்த மிளகாய் வத்தல் எல்லாம் மிதக்கிறது. அமலியக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் பெரிய அசிங்கம். பாளையங்கோட்டையில் இருந்து இந்தக் கரிசல் காடு வரைக்கும் நான் அவரோடு பேசவில்லை, அவரும் காரில் பாட்டைப் போட்டுவிட்டு ஸ்டீயரிங்கில் தாளம் தட்டிக்கொண்டே வந்தார். அந்தத் தாளம் தட்டின கைதான் பெல்ட்டைக் கட்டியிருக்க வேண்டும். கட்டியிருப்பார். கௌசிக் சார் இறங்கினதும் பின்பக்கம் குனிந்தாரே. இல்லை, அது இரண்டாவது ரவுண்டு, கௌசிக் சாருக்குத் தண்ணீர் கொடுக்கக் குனிந்தது. இல்லை, குனிந்தது மூன்றாவதுதான், தண்ணீர் கொடுத்தது வேறு ஆள். நினைக்க நினைக்க ஒரே ஆள் இரண்டு தடவை குனிகிறார், பிறகு குனியவே இல்லை. ஆனால் என் பக்கத்தில் வந்தது நிச்சயம். மூடியில் கையை ஊன்றிக்கொண்டு குனிந்தார், தேங்காயெண்ணெய் வாசனை வந்தது, மீசைக்குக் கீழே உதடு அசைந்துகொண்டே இருந்தது, நான் உயரம் காட்டுகிற முள்ளைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன். என்ன சொன்னார்? உதடு மட்டும்தான் ஞாபகம் வருகிறது, சத்தம் வரவில்லை. மோட்டார் கோபத்தில் இருந்தேன், வத்தலுக்குச் சமாதானம் சொல்கிறார் என்று நினைத்திருப்பேன், அவர் பேசும்போது தலையாட்டுவது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது.

இடது பக்கம் திரும்புகிறேன். திரும்புகிறது. பெல்ட் சுற்றியிருந்தால் திரும்புமா? பக்கவாட்டில் விட்டுவிட்டுப் பின்பக்கம் மட்டும் பிடிக்கலாம், பெல்ட்டுக்கு நியாயமா தெரியும்? கீழே கரிசல் காடு, உளுந்து எடுத்த நிலம், பழைய ஓடுதளம், வெள்ளைக்காரன் சண்டைக் காலத்தில் போட்டுவிட்டுப் போனது, வரிசையாக நிற்கிற காற்றாலைகள். காற்றாலையெல்லாம் சோம்பலாகச் சுற்றுகின்றன, தரையில் காற்று அதிகமில்லை, நல்லது. அதோ ஜீப், அதன் பக்கத்தில் நிற்கிற வெள்ளைச் சட்டை அவர்தான், அண்ணாந்து பார்க்கிறாரா போனைப் பார்க்கிறாரா என்று இங்கிருந்து தெரியவில்லை. ரேடியோ இருக்கிறது. பொத்தானை அமுக்கி, பெல்ட்டைக் கட்டினீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டால் முடிந்தது. கேட்டால் கௌசிக் சாருக்குக் கேட்கும், கயிறு சுருட்டுகிறவருக்குக் கேட்கும், வரிசையில் உட்கார்ந்திருக்கிற காலேஜ் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் கேட்கும், சிஸ்டர் பார்க்காமலே சரி என்று சொல்லிவிட்டு மேலே போயிருக்கிறது என்று தெரிந்துபோகும். போகட்டுமே, மானம் பெரிதா உயிர் பெரிதா? உயிர்தான் பெரிது, ஆனால் விரல் பொத்தானுக்குப் போக மாட்டேன் என்கிறது. சரி, கேட்டேன் என்றே வைத்துக்கொள்வோம். “அதெல்லாம் கட்டியாச்சு” என்பார். மோட்டாரை நிறுத்தியாச்சு என்று சொன்ன அதே குரலில் சொல்வார். கேட்டு எனக்கு என்ன பிரயோஜனம்? நம்பிக்கை இல்லாதவளுக்கு பதில் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. முள் இறங்குகிறது. மேலே ஏற்றுகிற வெந்நீர் ஆவி மாதிரியான காற்று எங்கேயாவது இருக்கும், பருந்து சுற்றுகிற இடத்தில் இருக்கும், இன்றைக்குப் பருந்துகூட இல்லை. ஸ்டிக் இழுக்கிறது. வலது கை முழங்கை வரைக்கும் வலிக்கிறது, நான் இழுக்கிறேனா அது இழுக்கிறதா என்பதே இப்போது பிடிபடவில்லை.

ஒரு யோசனை வருகிறது, வரக்கூடாத யோசனை. வேண்டுமென்றே விட்டிருப்பாரோ? சே. என்ன புத்தி எனக்கு. ஆனால் வந்தது வந்துவிட்டது, வாசலில் நின்றுகொண்டு போக மாட்டேன் என்கிறது. இந்த கிளப்பில் முதலில் சேர்ந்தவர் அவர்தான், நான் இல்லை. சின்ன வயதிலிருந்து ஆசை என்று சொல்லிச் சேர்ந்தார், புதுத் தொப்பி வாங்கினார், மேலே போன முதல் வாரமே அந்தத் தொப்பிக்குள் வாந்தி எடுத்துக்கொண்டு இறங்கினார், அடுத்த வாரமும் எடுத்தார், அதற்கு மேல் போகவில்லை. இட்லிப் பாத்திரத்தோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்த என்னைக் கௌசிக் சார்தான், சும்மா ஒரு ரவுண்டு வாங்களேன் என்று கூப்பிட்டார். போனேன். எனக்கு வாந்தியும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை, இறங்கினபோது சிரித்துக்கொண்டிருந்தேன், அதை அவர் பார்த்தார். அவருடைய இடத்தில் நான் வந்து உட்கார்ந்துகொண்டேன். அதற்காக முகம் சுளித்ததே இல்லை, சனிக்கிழமை ஆனால் எனக்கு முன்னால் எழுந்து காரைத் துடைக்கிறார், வெயிலில் நின்று ஊராருக்கெல்லாம் இறக்கை பிடிக்கிறார், எனக்குப் பிடிக்கும்போது மட்டும் நுனியோடு கூடக் கொஞ்சம் ஓடுவார், ஓட வேண்டிய அவசியம் இல்லாத வேகத்திலும் ஓடுவார். அப்படி ஓடுகிற மனுஷனைப் போய் இப்படி நினைக்கிறேன். மறதியாகத்தான் இருக்கும். மறதியில் செத்தால் மட்டும் சாவு இல்லையா? இப்படி இரண்டு பக்கமும் நானே பேசிக்கொண்டிருக்கிறேன், இரண்டு பக்கமும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. இதை இப்போதுதான் எனக்குள்ளேயே ஒப்புக்கொள்கிறேன், ரொம்பப் பயமாக இருக்கிறது.

சோதித்துப் பார்த்துவிடலாம். உயரம் இருக்கும்போதே ஸ்டிக்கை வயிறு வரைக்கும் இழுத்துப் பார்த்தால் தெரிந்துபோகும், வந்தால் பெல்ட் இல்லை, நடுவில் நின்றால் பெல்ட். முழுதாக இழுத்தால் வேகம் செத்துக் கிளைடர் தொப்பென்று மூக்கைக் கீழே போடும், அதுவும் பழகினதுதான், கௌசிக் சாரோடு எத்தனையோ தடவை செய்திருக்கிறேன், இப்போதே செய்ய வேண்டும், இன்னும் கொஞ்சம் இறங்கிவிட்டால் செய்யக்கூடாது. கை கேட்கவில்லை. வந்துவிட்டால் நல்லது, நடுவில் நின்றுவிட்டால்? தெரிந்துகொண்டு இறங்குவது நல்லதா, தெரியாமல் இறங்குவது நல்லதா? ஆபரேஷனுக்கு வருகிறவர்களில் எல்லாவற்றையும் விலாவாரியாகக் கேட்கிறவர்கள் உண்டு, ஒன்றும் சொல்லாதீங்க சிஸ்டர் என்று கண்ணை மூடிக்கொள்கிறவர்களும் உண்டு, நான் எப்போதும் கேட்கிறவர்கள் கட்சி. இழுக்கிறேன். மூக்கு எழுகிறது, காட்டைக் காணவில்லை, வானம் மட்டும்தான், காற்றின் சத்தம் குறைந்து குறைந்து இல்லாமலே போகிறது, இன்னும் இழுக்கிறேன், வருகிறது, கனமாக வருகிறது, இதோ எதுவோ தடுக்கிறது, கிளைடர் உடம்பெல்லாம் நடுங்குகிறது, பயந்து முன்னால் தள்ளிவிட்டேன். மூக்கு விழுந்து காடு திரும்பி வந்தது, காற்றும் வந்தது. தடுத்தது எது? பெல்ட்டா? என் முழங்கை இருக்கையில் இடித்ததா? வயிறு வரைக்கும் வந்தா நின்றது, அல்லது அதற்கு முன்னாலேயே நின்றதா? நான் கீழே குனிந்து கையைப் பார்க்கவே இல்லை, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடியும் பார்க்காமல் விட்டிருக்கிறேன். இன்னொரு தடவை செய்ய உயரம் இல்லை. இங்கே போன உயரம் போனதுதான், யாரிடம் போய்க் கேட்டாலும் திரும்பக் கிடைக்காது.

ஓடுதளம் இடது தோளுக்குக் கீழே பின்னோக்கி நகர்கிறது. இப்படியே கொஞ்ச தூரம், பிறகு இடது, மறுபடி இடது, பிறகு நேராக இறங்க வேண்டியதுதான். கர்த்தாவே என்று ஆரம்பிக்கிறேன், அதற்கு மேல் வார்த்தை ஓடவில்லை, கர்த்தாவே வேகம், கர்த்தாவே நூல் சாய்கிறது, அப்படியே போகிறது என் ஜெபம். இடது திரும்பினேன். மறுபடி இடது. ஓடுதளம் எதிரே வந்து நிற்கிறது, சப்பட்டையாக, வெயிலில் வெளுத்து. நீலக் கைப்பிடியை இழுத்தால் இறக்கையின் மேல் பிரேக் பலகை எழும்பி வேகமாக இறக்கும், இழுத்தேன், இறக்குகிறது. ஸ்டிக் இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. பனைமரம் பக்கவாட்டில் போகிறது, அது என்னைவிட உயரமாக ஆகிவிட்டது. புல் தனித்தனியாகத் தெரிகிறது. பின்னால் யாரும் இல்லை, “இப்ப, மெதுவா, இப்ப” என்று சொல்ல ஒரு குரலும் இல்லை, நானே எப்போது என்று பார்க்க வேண்டும், பார்த்தேன், இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது, இழுத்தேன். வந்தது. இன்னும் வந்தது. எங்கேயும் நிற்காமல் வயிறு வரைக்கும் வந்தது, தரை என்னை விட்டு ஒரு முழம் கீழே வழுக்கிக்கொண்டே இருந்தது, பிறகு சக்கரம் தடதடவென்று சத்தம் போட்டது, ஓடி, வேகம் குறைந்து, நின்று, இடது இறக்கை சாவகாசமாகத் தரையில் சாய்ந்தது. ஸ்டிக்கைப் பிடித்த விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

ஜீப் வருகிறது. ஜீப்புக்கு முன்னால் ஒரு ஆள் ஓடி வருகிறார், ஜீப்பிலேயே ஏறி வந்திருக்கலாம், அற்புதராஜ்தான். வந்து மூடியைத் திறந்தார், மூச்சு வாங்கியது. நான் முந்திக்கொண்டேன்.

“பெல்ட்டக் கட்டுனீங்களா?”

“எந்த பெல்ட்டு?”

“பின்சீட்டு பெல்ட்டு.”

“கட்டுனேன். கட்டிட்டேன்னு ஒங்கிட்ட வந்து சொன்னம்லா. நீகூட தலையாட்டுனியே.”

என் பெல்ட்டை அவிழ்த்துவிட்டு முட்டிபோட்டுத் திரும்பிப் பார்த்தேன். எல்லாப் பட்டையும் பூட்டி, இறுக்கி, மிச்சம் தொங்குகிற நுனிகளைக்கூட மடித்துச் செருகியிருந்தது. வார்டில் நான் படுக்கை விரித்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அதற்குள் ஜீப்பில் இருந்து கௌசிக் சார் இறங்கி வந்து உள்ளே எட்டிப் பார்த்தார், என் இடது பக்கத்தில் ஸ்டிக்கின் இழுப்பைச் சரிசெய்கிற பச்சைக் குமிழைத் தொட்டுச் சிரித்தார்.

“இத முன்னாலயே விட்டுட்டீங்களா சிஸ்டர்? கயிறு விட்டதும் பின்னால தள்ளணும்ல. தள்ளாததாலதான் ஸ்டிக் உங்கள முன்னால இழுத்திருக்கும். தினம் சொல்றேனே. பரவால்ல, லேண்டிங் பிரமாதம்.”

கையைக் குலுக்கிவிட்டுப் போனார். முதல் தடவை தனியாகப் போய் வந்தவர் தலையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவார்கள், அதற்கு ஆள் சேர்க்கப் போகிறார். நாங்கள் இரண்டு பேர்தான் கிளைடர் பக்கத்தில் இருந்தோம். மேலே இருந்த அவ்வளவு நேரமும் இந்த மனுஷன் மேல் வழக்குப் போட்டு, நானே வாதாடி, நானே தீர்ப்பும் எழுதி வைத்திருந்தேன், இப்போது அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது, காலேஜ் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீசைக்குக் கீழே அந்த உதடு ரொம்ப நேரம் அசைந்ததே, ஒரு பெல்ட்டுக்கு அவ்வளவு நேரம் ஆகாதே.

“அப்ப வேற என்ன சொன்னீங்க?”

“எப்ப?”

“கெளம்புறதுக்கு முன்னாடி. குனிஞ்சு நின்னு சொன்னீங்கல்லா.”

அவர் என்னைப் பார்க்காமல் இறக்கையில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

“பயமா இருந்தா போவாண்டாம், நான் சார்கிட்ட சொல்லிக்கிடுதேன்னு சொன்னேன்.”

“நான் என்ன சொன்னேன்?”

“அதுக்கும் தலையாட்டுன” என்றார். “ஆட்டிட்டு ஒடனே கட்டவெரலையும் தூக்கிக் காட்டுன. எத நம்பன்னு தெரியாமத்தான் றெக்கையத் தூக்குனேன்.”